ஒரே நூல், வேறு வகுப்பறைகள்: தென் திருவிதாங்கூரில் பொதுவாசிப்பின் வரலாறும் கீரிப்பாறையும்

ஆய்வுச்சுருக்கம்

வெவ்வேறு இடங்களில் அமைந்த வகுப்பறைகள் ஒரே நூலை வாசிப்பதன்வழி ஒன்றோடொன்று தொடர்புகொண்ட வரலாற்றை இக்கட்டுரை தென் திருவிதாங்கூரை மையமாகக் கொண்டு ஆராய்கிறது. திண்ணைப் பள்ளிகளின் மனப்பாட நூல்கள், நாகர்கோவில் இலண்டன் மிஷன் அச்சகத்தின் பள்ளி நூல்கள், ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள், 1956க்குப் பிந்தைய அரசுப் பாடநூல் ஆகியன நோக்கப்படுகின்றன. நூல் பொதுவாக இருந்தது என்பதைக் காட்டிலும் அதனைக் கொண்டுசென்ற ஆசிரியர்கள் தம்முள் கூடிப் பேசினர் என்பதே வகுப்பறைகளை இணைத்தது என்பதும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் பிள்ளைகள் பயின்ற கீரிப்பாறைப் பகுதி அவ்விணைப்பின் எல்லையைக் காட்டுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதங்களாகும்.

திறவுச்சொற்கள்: பொதுவாசிப்பு, பாடநூல் வரலாறு, நாஞ்சில் நாடு, இலண்டன் மிஷன், பாலபாடம், தாயகம் திரும்பியோர், கீரிப்பாறை

முன்னுரை

நாகர்கோவிலுக்கு வடக்கே, தோவாளை வட்டத்தில், தடிக்காரன்கோணத்தைக் கடந்து மலையேறும் சாலை கீரிப்பாறையில் ரப்பர்த் தோட்டங்களுக்குள் நுழைகிறது. நாஞ்சில் நாடு என்றதும் நெல்வயலும் குளமுமே நினைவுக்கு வருகின்றன. அதன் வடவிளிம்பு காடும் தோட்டமுமாக இருப்பது இலக்கியத்திலும் ஆய்விலும் குறைவாகவே பேசப்பட்டுள்ளது. வனத்துறை 1961இல் தொடங்கிய அரசு ரப்பர்த் தோட்டங்கள் 1984இல் அரசு ரப்பர் கழகம் என்னும் நிறுவனத்தின்கீழ் வந்தன. கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு முதலியன அதன் பிரிவுகள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்களுக்கு வேலையும் குடியிருப்பும் அளிப்பது இத்தோட்டங்களின் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

அக்குடும்பங்களின் பிள்ளைகள் ஒரு நாட்டின் பாடநூலைப் பாதியில் மூடிவைத்து, வேறொரு நாட்டின் பாடநூலைத் திறந்தவர்கள். இரண்டும் தமிழ் நூல்களே. எனினும் அவை இரண்டும் ஒன்றல்ல. ஒரே மொழியில் பயிலும் இரு வகுப்பறைகள் எப்போது ஒரே வாசிப்பில் இணைகின்றன, எப்போது விலகுகின்றன என்னும் வினாவை எழுப்புவதற்குக் கீரிப்பாறையைவிடப் பொருத்தமான இடம் தென் தமிழகத்தில் அரிது.

பெனடிக்ட் ஆண்டர்சன் 1983இல் வெளியிட்ட ‘கற்பிதச் சமூகங்கள்’ நூல், ஒருவரையொருவர் பார்த்திராத மக்கள் ஒரே நாளிதழை ஒரே காலத்தில் வாசிப்பதன்வழி தம்மை ஒரு சமூகமாக உணர்வதை விளக்கியது. தமிழ் அச்சுப் பண்பாட்டை ஆராய்ந்த ஆ.இரா. வேங்கடாசலபதி, உரக்கவும் கூட்டாகவும் நிகழ்ந்த வாசிப்பு மௌன வாசிப்பாக மாறிய போக்கை எடுத்துக்காட்டியுள்ளார். இவ்விரு சட்டகங்களிலும் வகுப்பறை முழுமையாக அடங்குவதில்லை. வகுப்பறையின் வாசிப்பு இன்றும் குரலெழுப்பி நிகழ்வது, ஒருவர் முன்னே சொல்லப் பலர் பின்னே சொல்வது, தேர்வுக்கு உட்படுவது. நாளிதழ் வாசகனுக்கும் அச்சகத்துக்கும் இடையே ஆசிரியர் இல்லை. மாணவனுக்கும் அச்சகத்துக்கும் இடையே எப்போதும் ஆசிரியர் இருக்கிறார். இந்த வேறுபாட்டிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

ஓலையிலும் நாவிலும் இருந்த பொதுமை

அச்சு வருவதற்கு முன்னரே தமிழ் வகுப்பறைகள் ஒரே நூல்களை வாசித்தன. அரிச்சுவடியில் தொடங்கி ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, நல்வழி, வெற்றிவேற்கை எனச் சென்று நிகண்டையும் எண்சுவடியையும் எட்டும் பாடவரிசை, யாழ்ப்பாணத்துத் திண்ணையிலும் தஞ்சைத் திண்ணையிலும் நாஞ்சில் நாட்டு ஆசானின் பள்ளியிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. இவ்வொருமையை எந்த அலுவலகமும் வகுக்கவில்லை. எந்த அரசும் ஆணையிடவில்லை. ஓலையைப் படியெடுப்போரும் ஊர்விட்டு ஊர் சென்ற ஆசான்களும் மனப்பாடம் என்னும் முறையுமே அதனைக் காத்தன. மணலில் எழுதியும், சட்டாம்பிள்ளையிடம் முறைசொல்லியும் பயின்ற நாட்களை உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். திண்ணைப் பள்ளியின் கணக்குக் கல்வியை அண்மையில் ஆராய்ந்த செந்தில் பாபு, நினைவாற்றலே அக்கல்வியின் அடித்தளம் என்பதை எண்சுவடிகளைக் கொண்டு நிறுவியுள்ளார்.

நினைவில் இருந்த நூலுக்கு ஒரு வசதி உண்டு. இடம்பெயரும்போது அது சுமையாவதில்லை. மையம் இல்லாததால், மையத்திலிருந்து தொலைவு என்பதும் அதற்கு இல்லை. இச்செய்தி கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

ஆயினும் இப்பொதுமையை மிகையாகப் போற்றுவதற்கில்லை. தென் திருவிதாங்கூரில் சாம்பவர் பிள்ளைகளுக்கு ஆசானின் திண்ணை மூடப்பட்டிருந்தது. நாடார் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான இடங்களில் அதே நிலை. பெண்கள் அங்கே அரிது. யாழ்ப்பாணத்து வேளாளச் சிறுவனும் நாஞ்சில் நாட்டு வேளாளச் சிறுவனும் ஒருவரையொருவர் காணாமலே ஒரே அடிகளை ஒப்பித்தனர். அவர்களின் வீட்டு வயலில் வேலை செய்தவர் மகனுக்கோ அவ்வடிகள் காதில் விழுந்த ஓசையாக மட்டுமே இருந்தன. தொலைவு கடந்த பொதுமையும் பக்கத்து வீட்டுப் பிரிவும் ஒரே அமைப்பின் இரு முகங்களாகும்.

திண்ணையின் முறை உலகைச் சுற்றித் திரும்பிய கதையும் இங்கே குறிக்கத்தக்கது. சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதையும் மூத்த மாணவன் இளையோருக்குக் கற்பிப்பதையும் கண்டு, அதனைத் தம் விடுதியில் கையாண்டார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல்வழி அது ‘மதராஸ் முறை’ எனப் பெயர்பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் அதற்கு இணையான முறையைப் பரப்பினார். பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரே தாளைச் சுவரில் தொங்கவிட்டுப் பலர் வாசிக்கும் வழக்கம் லங்காஸ்டர் பள்ளிகளுக்கு உரியது. நூலுக்குச் செலவிட முடியாத ஏழைப் பள்ளிகளுக்காகப் பிறந்த ஏற்பாடு அது. சில பத்தாண்டுகளில் இம்முறை, பிரிட்டிஷ் முறை என்னும் புதிய பெயரோடு, மிஷன் பள்ளிகள்வழி தமிழகத்துக்கே திரும்பிவந்தது.

நாகர்கோவில் அச்சகமும் ஆசிரியர் கூடுகையும்

தென் திருவிதாங்கூரில் ரிங்கல்தௌபே 1806இல் பணியைத் தொடங்கினார். மயிலாடியில் 1809இல் எழுந்த ஆலயத்தைச் சார்ந்தே பள்ளியும் உருவாயிற்று. அரசி கௌரி பார்வதி பாயின் பெயரில் 1817இல் வெளியான ஆணை, மக்கள் கல்விக்கான செலவை அரசு ஏற்கவேண்டும் என்று கூறியதற்காகக் கேரளக் கல்வி வரலாறுகளில் பெரிதும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவ்வாணையின் பயன் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளை எட்டுவதற்கு அந்நூற்றாண்டு முழுவதும் போதவில்லை என்பது அவ்வளவாகக் குறிக்கப்படுவதில்லை.

1818இல் வந்த சார்லஸ் மீட், மிஷனின் தலைமையிடத்தை மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாற்றினார். ரெசிடென்ட் மன்றோவின் ஆதரவால் சிறிதுகாலம் அவர் நாகர்கோவில் நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் அமர்ந்தார். மிஷனரி ஒருவர் அரசின் நீதிபதியானதை இலண்டனில் இருந்த மிஷன் இயக்குநர்கள் விரும்பவில்லை. 1819இல் மால்ட் தம்பதியர் வந்துசேர்ந்தனர். அந்நாட்களில் நாகர்கோவிலில் ஒரு செமினரியும், பெண்பிள்ளைகளுக்கான விடுதிப்பள்ளியும், 1820களின் தொடக்கத்தில் ஓர் அச்சகமும் ஏற்பட்டன. திருவிதாங்கூர் மண்ணில் அமைந்த முதல் அச்சகம் இதுவே. அச்செமினரி வளர்ந்து 1893இல் கல்லூரி நிலையை எய்தியது. இன்றைய ஸ்காட் கிறித்தவக் கல்லூரி அதன் தொடர்ச்சி.

அச்சகத்துக்கும் செமினரிக்கும் இடையே இருந்த உறவுதான் இங்குக் கவனத்துக்குரியது. அச்சகம் வினாவிடைகளையும் சிறு துண்டு நூல்களையும் வேதாகமப் பகுதிகளையும் அச்சிட்டது. செமினரி அவற்றை வாசிக்கவும் வாசிப்பிக்கவும் வல்ல இளைஞர்களை உருவாக்கியது. அவர்கள் ஊர்களுக்கு உபதேசிகளாகவும் பள்ளி ஆசிரியர்களாகவும் அனுப்பப்பட்டனர். பல ஊர்களில் ஆலயமும் பள்ளியும் ஒரே ஓலைக் கொட்டகைதான். இவர்கள் அனுப்பப்பட்டதோடு நிற்கவில்லை. குறித்த முறையில் மிஷன் நிலையத்துக்குத் திரும்பிவந்து, தம் ஊரில் நடந்ததைச் சொல்லி, பிறர் ஊரில் நடந்ததைக் கேட்டு, அடுத்துக் கற்பிக்கவேண்டிய பகுதியைப் பெற்றுச் சென்றனர். மிஷனரிகள் ஊர்ப் பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளைத் தேர்வுசெய்தனர். நூல் ஒரு திசையில் சென்றது. செய்தி இரு திசையிலும் சென்றது.

சி.எம். ஆகூர் 1903இல் வெளியிட்ட திருவிதாங்கூர்த் திருச்சபை வரலாறும், சாமுவேல் மேட்டீர் 1871இல் எழுதிய நூலும் இவ்வமைப்பை மதப்பரப்பின் வரலாறாகவே காண்கின்றன. டச்சு ஆய்வாளர் டிக் கூய்மன் 1989இல் வெளியிட்ட ஆய்வு அதனைச் சமூக உயர்வின் வரலாறாகக் கண்டது. வாசிப்பின் வரலாறாக அதனைக் காணும்போது வேறொன்று புலப்படுகிறது. கல்குளம் வட்டத்து ஓர் ஊரில் ஒரு பிள்ளை வினாவிடையின் ஒரு பகுதியில் தடுமாறினால், அச்செய்தி அகஸ்தீஸ்வரம் வட்டத்து ஆசிரியரின் காதுக்கு எட்டுவதற்கு வழி இருந்தது. அவ்விரு பிள்ளைகளும் ஒருவரையொருவர் அறியார். அவர்களின் ஆசிரியர்கள் அறிவர். வகுப்பறை இணைப்பு என்று சொல்லத்தக்கது இதுதான். திண்ணையின் பொதுமையில் இது இல்லை.

1828இல் மீட் நெய்யூருக்குச் சென்றபின் மிஷன் கிழக்கு, மேற்கு என இரண்டாயிற்று. பின்னர்ப் பல வட்டங்களாகப் பிரிந்தது. கீரிப்பாறை மலைக்குக் கீழுள்ள நாட்டில் திட்டுவிளை அவ்வாறு ஒரு மிஷன் வட்டமாயிற்று. மேற்கே செல்லச் செல்லப் பள்ளியின் மொழி மலையாளமாக மாறியதால், ஒரே மிஷனுக்குள் இரு வாசிப்பு வட்டங்கள் உருவாயின. தமிழ் நூல் எதுவரை சென்றதோ அதுவரையே தமிழ் ஆசிரியர் கூடுகையும் சென்றது.

இந்த இணைப்புக்கு விலையும் இருந்தது. மேலாடை உரிமைப் போராட்டத்தின்போது 1828-29இல் சிற்றாலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. 1859இல் கலவரம் மீண்டும் எழுந்தது. ஓர் ஊரின் ஓலைக் கொட்டகையை எரித்தவர்கள் அக்கொட்டகை தனித்து நிற்கவில்லை என்பதை அறிந்தே எரித்தனர் என்று கொள்ள இடமுண்டு. வலைப்பின்னலாக இருந்ததுதான் அச்சத்தைத் தந்தது. அதே காரணத்தால்தான் எரிந்த பள்ளிகள் மீண்டும் எழுந்தன.

மீட்டின் பிற்கால வாழ்வும் இவ்வரலாற்றுக்கு உரியது. மிஷனிலிருந்து விலகியபின் அவர் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசின் பள்ளிகளுக்குக் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். மிஷனின் வாசிப்பு முறையும் அரசின் வாசிப்பு முறையும் தனித்தனி ஊற்றுகளிலிருந்து தோன்றியவை என்னும் எளிய பிரிவினைக்கு இவ்வொரு மனிதரின் பணிவரலாறே மறுப்பாக நிற்கிறது.

கடலின் இரு கரைகளிலும் பாலபாடம்

மிஷன் வகுப்பறைகளின் இணைப்பு எதிர்வினையையும் தோற்றுவித்தது. அதன் முழுமையான வடிவம் நாஞ்சில் நாட்டில் அமையவில்லை, யாழ்ப்பாணத்தில் அமைந்தது. 1816இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் 1824இல் உடுவில் பெண்கள் பள்ளியையும் நிறுவியது. மானிப்பாயில் அச்சகம் கண்டு 1841இல் ‘உதயதாரகை’ இதழைத் தொடங்கியது. பீற்றர் பார்சிவலின் பள்ளியில் பயின்று அங்கேயே கற்பித்து, அவருடைய வேதாகம மொழிபெயர்ப்புக்கும் துணைநின்ற ஆறுமுக நாவலர் (1822–1879), மிஷன் பள்ளியின் ஆற்றல் எதில் உள்ளது என்பதை உள்ளிருந்து அறிந்தவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளி தொடங்கியதும் அவர் தேடிச்சென்றது அச்சியந்திரத்தை. பள்ளி, அச்சகம், படிநிலைப்பட்ட பாடநூல் ஆகிய மூன்றும் ஒன்றில்லாமல் மற்றொன்று இயங்காது என்னும் பாடத்தை அவர் மிஷனிடமிருந்தே கற்றார்.

அவர் அச்சிட்ட பாலபாடங்கள் எளிய உரைநடையில், நிறுத்தக்குறிகளுடன், முதற் புத்தகம், இரண்டாம் புத்தகம் என ஏறிச்செல்பவை. 1864இல் சிதம்பரத்திலும் அவர் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். வண்ணார்பண்ணையிலும் சிதம்பரத்திலும், பாக்குநீரிணையின் இரு கரைகளிலும், ஒரே ஆசிரியர் எழுதி ஒரே அச்சுமரபில் வெளிவந்த நூலை இரு வகுப்பறைகள் வாசித்தன. பாலபாடங்கள் அப்பள்ளிகளுக்கு அப்பாலும் பரவி, நாவலரின் மறைவுக்குப் பின்னும் பல பதிப்புகள் கண்டன. சமய நோக்கில் எதிரெதிரே நின்ற நாகர்கோவில் அச்சகமும் வண்ணார்பண்ணை அச்சகமும் வகுப்பறையை இணைக்கும் முறையில் ஒன்றையொன்று ஒத்திருந்தன. சாதி நோக்கில் அவை ஒத்திருக்கவில்லை. நாவலரின் பள்ளி யாருக்குத் திறந்திருந்தது என்னும் வினா ஈழத்து ஆய்வுலகில் நீண்டகாலமாக விவாதிக்கப்படுவது.

இதே காலத்தில் கடலைக் கடந்தோர் மற்றொரு கூட்டத்தாரும் உண்டு. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குத் தென் திருவிதாங்கூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் மக்கள் கூலிவேலைக்குச் சென்றனர். மேட்டீரின் நூல் அவ்விடப்பெயர்வைக் குறிப்பிடுகிறது. அசம்பு மலைகளில் ஐரோப்பியர் காப்பி பயிரிடத் தொடங்கியபோது கீழ்நாட்டு மக்கள் அங்கும் சென்றனர். இலங்கைத் தோட்டத் தமிழரிடையே பணியாற்ற 1854இல் தமிழ்க் கூலி மிஷன் ஏற்பட்டு, தோட்டங்களில் பள்ளிகளை நடத்தியது. ஆயினும் லயத்துப் பிள்ளையின் வாசிப்பு வண்ணார்பண்ணையின் வாசிப்போடு இணையவில்லை. தோட்டத்துரைமார் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்விக்கு வழிசெய்ய வேண்டுமென 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் விதித்தது. பத்து வயதுக்குப் பின் கொழுந்துக் கூடை காத்திருந்தது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்புகள் என்றிருந்த அப்பள்ளியின் ஆசிரியர், சக ஆசிரியர்களைச் சந்திக்கும் வாய்ப்பே அரிதாகத் தம் தோட்டத்துக்குள் தங்கினார். பெல்லின் முறை அங்கே கொள்கையால் அன்றி வறுமையால் நிலைத்தது.

அரசின் நூல்

திருவிதாங்கூர் அரசு 1860களில் பாடநூல் குழு ஒன்றை அமைத்தது. கேரள வர்ம வலியகோயித் தம்புரானின் ஈடுபாட்டால் மலையாள உரைநடை வளர்ந்தது அக்குழுவின் சாதனையாகப் போற்றப்படுகிறது. அரசின் தெற்கு விளிம்பில் இருந்த தமிழ் வகுப்பறைகள் அவ்வளர்ச்சியின் ஓரத்தில் இருந்தன. தேரூரில் 1876இல் பிறந்த தேசிகவிநாயகம் பிள்ளை, நாகர்கோவில் பகுதியிலும் திருவனந்தபுரத்திலும் ஆசிரியராகப் பணியாற்றி, பிள்ளைகளின் வாயில் எளிதில் அமரும் பாடல்களை எழுதினார். தென் திருவிதாங்கூர் தமிழ் வட்டங்கள் தமிழகத்தோடு இணைவதைக் காணாமலே 1954இல் அவர் மறைந்தார். தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிப் பாடநூல்களில் அவர் பாடல்கள் தலைமுறை தலைமுறையாக இடம்பெற்றுள்ளன.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. இவ்விணைப்பு எல்லைப் போராட்டமாகவே நினைவுகூரப்படுகிறது. வகுப்பறையில் அது நூல் மாற்றமாகவும் நிகழ்ந்தது: திருவனந்தபுரத்தை நோக்கியிருந்த பள்ளி சென்னையை நோக்கித் திரும்பியது. 1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் ஏற்பட்டபின், தோவாளையிலும் திருத்தணியிலும் ஒரே அட்டைப்படம் கொண்ட நூல் ஒரே ஜூன் மாதத்தில் வந்திறங்கிற்று. அரசு, மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்னும் நான்கு பாடத்திட்டங்களையும் ஒன்றாக்கிய சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010இல் வந்தது. உச்ச நீதிமன்றத்தின் 2011 ஆகஸ்ட் 9 தீர்ப்புக்குப் பின் அது எல்லா வகுப்புகளுக்கும் நடைமுறையாயிற்று. வாசிப்பின் பொதுமை இத்தனை முழுமையாக முன்பு எப்போதும் அமைந்ததில்லை. மிஷன் காலத்து ஆசிரியர் கூடுகைக்கு நிகரான ஒன்று இப்பொதுமையோடு வளர்ந்ததா என்பது வேறு வினா. பயிற்சி முகாம்கள் உண்டு. அவற்றில் செய்தி பெரும்பாலும் மேலிருந்து கீழே வருகிறது.

கீரிப்பாறை

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும் கணக்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பகிர்வதென 1974இல் முடிவாயிற்று. இவ்வெண்ணிக்கையில் பள்ளி வயதுப் பிள்ளைகளும் அடங்குவர் என்பதை உடன்படிக்கையின் வரலாறுகள் அரிதாகவே நினைவுகொள்கின்றன. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து வேலை கிடைத்த இடத்துக்குச் சென்றோருள் ஒரு பகுதியினர் கன்னியாகுமரி மாவட்டத்து அரசு ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தனர்.

அப்பிள்ளைகள் முதலில் எதிர்கொண்டது நாட்காட்டியை. இலங்கையில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குவது, தமிழ்நாட்டில் ஜூனில். எந்த மாதத்தில் கப்பலேறினாலும் பிள்ளை ஏதோ ஓர் ஆண்டின் நடுவில் இருந்தது. 1972இல் இலங்கை செய்த கல்விச் சீர்திருத்தம் பள்ளியில் சேரும் வயதை ஆறாக்கி வகுப்புகளின் வரிசையையும் மாற்றியிருந்ததால், எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதே சிக்கலுக்குரியதாயிற்று. வரலாற்றுப் பாடத்தில் விசயன் வருகையும் எல்லாளன் – துட்டகைமுனு போரும் பயின்ற பிள்ளை, சேர சோழ பாண்டியரை முதன்முறையாகப் பாடமாகச் சந்தித்தது. தமிழ்ப் பாடமாவது பழகியதாக இருக்கும் என்று கருதத் தோன்றும். அங்கும் ஒரு தடை காத்திருந்தது.

பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட எழுத்து வடிவங்களைத் தமிழ்நாடு அரசு 1978 அக்டோபரில் ஏற்று ஆணையிட்டது. துதிக்கை போலச் சுழன்ற கொம்புடன் எழுதப்பட்ட ணை, லை, ளை, னை எழுத்துகளும், ஒட்டி வளைந்த ணா, றா, னா எழுத்துகளும் அவற்றின் ஒகர, ஓகார வடிவங்களும் மறைந்து, இன்று பழகிய வடிவங்கள் வந்தன. இலங்கையில் பழைய வடிவங்கள் அதன் பின்னும் தொடர்ந்தன. 1978க்குப் பின் வந்த பிள்ளை, தான் எழுதக் கற்ற ‘மலை’யும் பாடநூலில் அச்சான ‘மலை’யும் ஒரே சொல்லென அறிவதற்கே ஓர் அடி கூடுதலாக வைக்கவேண்டியிருந்தது. முதிர்ந்த வாசகருக்கு இது பொருட்டன்று. எழுத்துக்கூட்டிப் படிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வேறுபாடு சிறிதாகத் தோன்றாது. சீர்திருத்தத்தின் நன்மையைப் பேசிய அளவுக்கு, அந்த ஆண்டுகளில் எல்லை கடந்துவந்த பிள்ளைகளுக்கு அது என்ன பொருள் தந்தது என்பதைத் தமிழ் எழுத்து வரலாறு பேசவில்லை.

இலங்கை அரசு 1970களில் இந்திய நூல்கள், இதழ்கள் ஆகியவற்றின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததையும் இங்கே சேர்த்துக் காணவேண்டும். உள்நாட்டு எழுத்தும் பதிப்பும் வளர அது துணைபுரிந்தது என்பது ஈழத்து இலக்கிய வரலாற்றில் ஏற்கப்பட்ட கருத்து, அது பொருந்துவதும்கூட. ஆனால் அதே ஆண்டுகளில்தான் பல்லாயிரம் பிள்ளைகள் தமிழ்நாட்டு வகுப்பறைகளுக்கு அனுப்பப்பட்டனர். மனிதர் செல்லவேண்டிய திசையில் நூல் வரும் வழி குறுகியிருந்தது. பாலபாடத்தின் காலத்தில் நூல் கடந்த கடலை, இப்போது மாணவர் மட்டும் நூலின்றிக் கடந்தனர்.

தோட்ட வாழ்வின் ஒழுங்கும் வாசிப்பைத் தீர்மானித்தது. பால்வடிப்பு விடியலுக்கு முன்பே தொடங்கவேண்டியது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். பிள்ளை விழிக்கும் வேளையில் தாயும் தந்தையும் மரங்களுக்கிடையே இருந்தனர். மழைக்காலத்தில் வடிப்பு நிற்க, பெற்றோர் வீட்டில் இருந்தனர், கூலி இல்லை. தேயிலை மலையின் பெரட்டுக்களத்திலிருந்து ரப்பர்க் காட்டுக்கு வந்த குடும்பத்தில் வேலை மாறியது; பிள்ளையின் பாடத்தைக் கேட்க வீட்டில் ஆளில்லாத காலைப்பொழுது மாறவில்லை. இதே மலைகளில் வாழும் காணிக்காரர் பிள்ளைகளுக்கு அரசின் பாடநூல் இன்னும் தொலைவானது, ஏனெனில் அந்நூலின் தமிழே அவர்களின் வீட்டுப் பேச்சிலிருந்து விலகிநின்றது.

இந்நிலையில் ஹட்டனிலிருந்து வந்த பிள்ளைக்கும் தடிக்காரன்கோணத்துப் பிள்ளைக்கும் ஒரே வகுப்பறையில் பொதுவாக இருந்த வாசிப்பு எது? இரு நாட்டு அரசுகளும் அச்சிட்ட நூல்கள் வேறுவேறு. பாலபாடத்தின் காலம் முடிந்திருந்தது. மிஷனின் கூடுகை வேறொரு நூற்றாண்டுக்கு உரியது. எஞ்சியது ஔவையின் ஆத்திசூடி. அது இலங்கைப் பாடநூலிலும் இருந்தது, தமிழ்நாட்டுப் பாடநூலிலும் இருந்தது. இரண்டிலும் இருப்பதற்கு முன்பே பிள்ளைகளின் நாவில் இருந்தது. எழுத்தின் வடிவம் மாறியதால் தடுமாறிய பிள்ளை, மனப்பாடமாக ஒப்பிக்கும்போது தடுமாறவேண்டிய தேவை இல்லை. நவீனக் கல்வியியல் எள்ளிநகையாடிய மனப்பாட முறை, அரசுகள் அறுத்த இழையை இந்த ஓர் இடத்தில் காத்தது என்று சொல்வதில் மிகை இல்லை. அதனால் மனப்பாடம் சிறந்த கல்விமுறையாகிவிடாது. எல்லையைக் கடக்கும் ஆற்றல் ஒரு நூலுக்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றிய செய்தியே இதில் உள்ளது.

ஆசிரியர் இணைப்பு இங்கே முற்றிலும் அறுந்திருந்தது. 1820களில் ஓர் ஊரின் ஆசிரியர் அடுத்த ஊரின் ஆசிரியரைக் கேட்டறிய வழி இருந்தது. 1970களில் கீரிப்பாறை மலையடிவாரப் பள்ளி ஒன்றின் ஆசிரியர், தம் முன் நிற்கும் பிள்ளை இதுவரை எதை வாசித்தது என்பதை நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப்பள்ளி ஆசிரியரிடம் கேட்டறிய எந்த ஏற்பாடும் இல்லை. இரு அரசுகளும் குடும்ப அட்டையை வழங்கின, பயணப் படியை வழங்கின, தலைகளை எண்ணின. பிள்ளையின் வாசிப்பை ஒரு வகுப்பறையிலிருந்து மற்றொரு வகுப்பறைக்கு ஒப்படைக்கும் தாள் ஒன்று உடன்படிக்கையில் இல்லை.

1984இல் தலைமன்னார் – இராமேசுவரம் கப்பல் நின்றது. அதே ஆண்டில் தோட்டங்கள் கழகத்தின்கீழ் வந்தன. உடன்பிறந்தோருள் ஒருவர் கீரிப்பாறையிலும் ஒருவர் மலையகத்திலும் நின்றுவிட்ட குடும்பங்களின் அடுத்த தலைமுறை, இலங்கை அரசு 1980 முதல் இலவசமாக வழங்கும் பாடநூலை ஒரு கரையிலும், தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனத்தின் நூலை மறுகரையிலும் பயின்றது. கீரிப்பாறையில் பெற்றோர் வடித்த பாலின் பெயரைத் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘ரப்பர்’ என்று எழுதுகிறது. இலங்கைப் பாடநூல் ‘இறப்பர்’ என்று எழுதுகிறது.